சம்பளத்தில் 5 விழுக்காடு: கோலாலம்பூரில் காற்பந்து முகவர் சேவை தேறுமா?

செந்தூல், செராஸ், கெலானா ஜெயா பக்கம் 17 வயதுப் பையன் ஒருவன் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதும், திடலோரத்தில் யாராவது ஒருவர் அவன் அப்பாவிடம் பெயர் அட்டையை நீட்டிவிடுவார். "கிளப் பார்த்துத் தர்றேன் அண்ணே, சம்பளமும் பேசித் தர்றேன்." அந்தச் சேவையைத்தான் இங்கே எடைபோடுகிறோம். தனிப்பட்ட நிறுவனம் எதையும் பெயர் சொல்லவில்லை. முகவர் என்பவர் செய்ய வேண்டியது என்ன, அதற்கு என்ன விலை, எந்த இடத்தில் சறுக்குகிறது என்பதுதான் கணக்கு.

முதலில் விலை. உலகக் காற்பந்துக் கூட்டமைப்பான பிஃபாவின் முகவர் விதிமுறை 2023 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஆட்டக்காரரின் ஆண்டு வருமானம் 200,000 அமெரிக்க டாலருக்குள் இருந்தால் அதிகபட்சம் 5 விழுக்காடு, அதற்கு மேற்பட்ட தொகைக்கு 3 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஐரோப்பாவில் வழக்குகள் கிளம்பவே, அதே ஆண்டு டிசம்பர் 30-இல் பிஃபா அந்த உச்சவரம்பை நிறுத்தி வைத்தது. முகவருக்கான தேர்வும் உரிமமும் அப்படியே தொடர்ந்தன. எனவே 5 என்பதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டு பேரம் பேசலாம். மாதம் 4,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம் என்றால் ஆண்டுக்கு 48,000. அதில் 5 விழுக்காடு 2,400 வெள்ளி. 10 கேட்டால் 4,800 வெள்ளி, அதாவது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். விழுக்காடு எதன் மீது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத் தாளில் உள்ள தொகையின் மீதா, வங்கிக் கணக்கில் வந்து விழுந்த தொகையின் மீதா? சம்பளம் நிலுவையில் நிற்கும்போது இந்த ஒரு வரிதான் சண்டையை உண்டாக்கும்.

உரிமத்தைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். உரிமம் பெற்றவர்களின் பெயர்கள் பிஃபா இணையத்தளத்தில் இருக்கின்றன. 20 கேள்வி, 60 நிமிடம், 75 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. இதைத் தாண்டி வந்தவர் என்றால் குறைந்தபட்சம் விதிப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார் என்று அர்த்தம். ஆட்டக்காரரோடு முகவர் போடும் ஒப்பந்தம் 2 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது, தானாகப் புதுப்பித்துக்கொள்ளவும் கூடாது. 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பையனை அணுகவே கூடாது. சுயேச்சையான வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று முகவரே எழுத்தில் சொல்லியாக வேண்டும். மாமாக் கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் கையெழுத்து கேட்பவர் இந்த நான்கில் எத்தனையைச் செய்தார் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி சேவையின் உள்ளடக்கம். நல்ல முகவரையும் வெறும் தரகரையும் பிரிப்பது அவர் கேட்கும் முதல் கேள்விதான். தரகர், "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்பார். முகவர், "போன பருவத்தில் எத்தனை நிமிடம் ஆடினாய்?" என்பார். ஆட்டக்காரர்கள் பணத்துக்காகக் கிளப் மாறுகிறார்களா, வளர்ச்சிக்காக மாறுகிறார்களா என்று டிவி முன்னால் நாம் அடித்துக்கொள்வது ரொனால்டோ போன்றவர்களை வைத்து. 37 வயதில் அல் நாசருக்குப் போனவருக்கு வளர்ச்சி பற்றி என்ன கவலை? 19 வயதுக்காரனுக்கு இரண்டும் ஒரே நூலில் கோத்தவை. இன்று ஆடும் நிமிடங்கள்தான் அடுத்த ஒப்பந்தத்தின் சம்பளம்.

நிமிடக் கணக்கை இப்படிப் போடலாம். 2025-26 மலேசிய சூப்பர் லீக்கில் 13 குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் 24 ஆட்டம், மொத்தம் 2,160 நிமிடம். 'அ' கிளப் 8,000 வெள்ளி தருகிறது, ஆனால் அந்த இடத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே நிற்கிறார்கள். கடைசி 10 நிமிட மாற்று ஆட்டக்காரராக 15 ஆட்டம் கிடைத்தாலும் 150 நிமிடம்தான். 'ஆ' கிளப் 4,500 வெள்ளி தருகிறது, 16 ஆட்டத்தில் முதல் பதினொருவரில் இடம், 1,440 நிமிடம். இரண்டு ஆண்டில் 'அ' தரும் கூடுதல் தொகை 84,000 வெள்ளி. சிறிய தொகை இல்லை, வீட்டுக்கு முன்பணம் கட்டலாம். ஆனால் 21 வயதில் 300 நிமிடம் மட்டும் ஆடிய பையனுக்கு மூன்றாவது ஆண்டில் 8,000 யாரும் தர மாட்டார்கள். முகவர் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால் அவருடைய 5 விழுக்காடு நியாயம்.

அவர் இன்னொன்றையும் பார்த்திருக்க வேண்டும்: ஆடும் இடம். இங்கே வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வாங்கும் கிளப் பெரும்பாலும் முதலில் தேடுவது கோல் அடிப்பவரையும், நடுத்திடல் ஆட்டக்காரரையும், நடுத் தற்காப்பு ஆட்டக்காரரையும்தான். உள்ளூர்ப் பையனுக்கு வாய்ப்பு அதிகம் இருக்கக்கூடியது விங்கிலும் (பக்கவாட்டுத் தாக்குதல்) பக்கத் தற்காப்பிலும். விங்கராக அறியப்பட்ட எஸ். குணாளன் ஜொகூர் டாருல் தாக்சிம் கிளப்பான ஜேடிதியில் வலப்புறத் தற்காப்பிலும் ஆடிப் பல பட்டங்களைப் பார்த்தார். "நம்பர் 9 மட்டும்தான் ஆடுவேன்", அதாவது கோல் அடிப்பவராக மட்டும்தான் ஆடுவேன் என்று நிற்கும் பையனிடம் இதைச் சொல்லப் பல முகவர்களுக்கு வாய் வராது. வாடிக்கையாளர் போய்விடுவாரே!

வெளிநாடு என்றாலே வளர்ச்சி என்று விற்பது அடுத்த கோளாறு. லுக்மான் ஹக்கிமும் அரிப் ஐமானும் 2002-இல் பிறந்தவர்கள். 2018 ஆசிய 16 வயதுக்குட்பட்டோர் போட்டியில் கோல்களைக் குவித்த லுக்மான், 5 ஆண்டு ஒப்பந்தத்தில் 2020-இல் பெல்ஜியத்தின் கோர்ட்ரைக்கில் சேர்ந்தார். அப்போது அந்தக் கிளப் மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டானுடையது. முதல் குழுவில் கிடைத்த வாய்ப்பு மிகச் சொற்பம். 2023-இல் ஐஸ்லாந்துக்கு இரவலாக (தற்காலிகமாக வேறு கிளப்புக்கு ஆட) போனார், அடுத்து ஜப்பானின் கீழ்ப்பிரிவு, பிறகு நாடு திரும்பினார். அரிப் ஐமான் ஜேடிதியிலேயே இருந்து, வாராவாரம் ஆடி, தேசியக் குழுவின் முதன்மை விங்கரானார். இதில் லுக்மானின் திறமையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் ஆண்டிலேயே ஆட்டம் கிடைக்கும் ஓர் இடத்துக்கு இரவல் தர வேண்டும் என்ற உறுதி ஒப்பந்தத்தில் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் முகவர் படிக்க வேண்டிய பாடம். 16 வயதில் ரியல் மெட்ரிட் போன நார்வே ஆட்டக்காரர் ஒடெகார்டைக் காப்பாற்றியதும் ஹீரன்வீன், வித்தேஸ், ரியல் சொசியெடாட் என்று அடுத்தடுத்து கிடைத்த இரவல்கள்தான். இங்கிலாந்தின் பெல்லிங்ஹம் 2020-இல் மென்செஸ்டர் யுனைடெட்டின் அழைப்பை மறுத்து டோர்ட்மண்ட்டைத் தேர்ந்தெடுத்ததும் இதே கணக்கில்தான் பொருந்தும்.

பணம் பக்கம் வருவோம். நம் நாட்டில் "அதிகச் சம்பளம்" என்பதைவிட "வந்து சேரும் சம்பளம்" முக்கியம். 2022 பருவம் முடிந்ததும் சரவாக் யுனைடெட்டுக்கும் மலாக்கா யுனைடெட்டுக்கும் அடுத்த பருவத்துக்கான உரிமம் கிடைக்கவில்லை. சம்பள நிலுவைதான் சிக்கல். அதே நேரத்தில் பெட்டாலிங் ஜெயா சிட்டியும் லீக்கிலிருந்து விலகியது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் வேரிலிருந்து வளர்ந்த குழு அது. கடைசியாக வெளிநாட்டவரே இல்லாமல் உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டும் வைத்து ஆடியது. பெரிய சம்பளத்துக்குப் பெயர் போன இடம் இல்லை, ஆனால் நம் பையன்களுக்கு நிமிடங்கள் கிடைத்த இடம். அந்தக் கதவு மூடியபின், அதே தரத்தில் உள்ள பையனுக்கு முகவர் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. பலர் உழைப்பதில்லை, ஜொகூருக்கும் சிலாங்கூருக்கும் காணொளி அனுப்பிவிட்டு "பதில் இல்லை" என்கிறார்கள். முதல் குழுவில் இடம் இல்லாத பையனுக்கு இரண்டாம் அடுக்கான ஏ1 செமி-புரோ லீக் வரை தேடத் தெரிந்தவரே கூலிக்குத் தகுதியானவர்.

ஒப்பந்தம் படிக்கும் வேலையில்தான் இந்தச் சேவை உண்மையில் காசுக்குப் பெறுமதி. பார்க்க வேண்டியவை பல. சம்பளம் எந்தத் தேதியில்? பிஃபா விதியின்படி இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நின்றால், எழுத்தில் அறிவிப்பு கொடுத்து 15 நாள் அவகாசம் தந்து, அதன்பிறகு ஆட்டக்காரர் நியாயமான காரணத்தோடு வெளியேறலாம். உள்ளூர் ஒப்பந்தத்தில் அதே வாசகம் இருக்கிறதா, அல்லது "நிதி நிலைமையைப் பொறுத்து" என்று மழுப்பியிருக்கிறதா? பலர் தவறுவது அறிவிப்பில்தான்: வாட்ஸ்அப்பில் மேலாளரைத் திட்டிவிட்டுப் பயிற்சிக்கு வராமல் நின்றுவிடுவார்கள். ஒப்பந்தத்தை மீறியவர் ஆட்டக்காரராகிவிடுவார். அறிவிப்பு தேதியிட்ட கடிதமாகப் போக வேண்டும், பயிற்சிக்கும் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

"மேலும் ஓராண்டு நீட்டிக்கும் உரிமை கிளப்புக்கு மட்டும்" என்ற வரியைக் கண்டால் அந்த ஓராண்டுக்குச் சம்பள உயர்வைக் கேளுங்கள். மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதக்கூடாது. பரிசோதனை கையெழுத்துக்கு முன்பே முடிய வேண்டியது. 18 வயதுக்குட்பட்டவருக்கு 3 ஆண்டுக்கு மேல் போடக்கூடாது. சேமநிதியும் சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சம்பளச் சீட்டில் தெரிய வேண்டும். 5,000 வெள்ளி வரையிலான சம்பளத்துக்குச் சேமநிதியில் முதலாளி பங்கு 13 விழுக்காடு. 4,000 சம்பளத்தில் அது மாதம் 520 வெள்ளி. "பயண அலவன்ஸ்" என்று பிரித்து எழுதி அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கினால் இந்தத் தொகையும் கூடவே சுருங்கும். முகவரின் 5 விழுக்காட்டைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடும் அப்பாக்கள் இந்த 13-ஐக் கவனிக்காமல் விடுவதுதான் வேடிக்கை.

தவிர்க்க வேண்டியது "ஐரோப்பா டிரயல்" பொட்டலம். முன்பணமாகச் சில ஆயிரம் வெள்ளி, விமான டிக்கெட் தனி, ஸ்பெயினில் இரண்டு வாரம். 18 வயது நிரம்பாதவரை நாடு விட்டு நாடு பதிவு செய்வதை, சில விதிவிலக்குகள் தவிர, பிஃபா தடை செய்திருக்கிறது. ஆகவே 15 வயதுப் பையனுக்கு "ஒப்பந்தம் கிடைக்கும்" என்று சொல்பவர் விற்பது சுற்றுலா. விடுமுறையாக நினைத்துப் போனால் குற்றமில்லை. கிளப்புக்கும் ஆட்டக்காரருக்கும் ஒரே முகவர் பேசுவது இன்னொரு ஆபத்து. சேர்க்கும் கிளப் என்றால் இரு தரப்பின் எழுத்துபூர்வ சம்மதம் தேவை, விடுவிக்கும் கிளப் என்றால் அடியோடு கூடாது என்று பிஃபா விதிமுறை சொன்னது; அந்தப் பிரிவும் 2023 டிசம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது.

யாருக்கு இந்தச் சேவை? மாதம் 2,000, 2,500 வெள்ளிக்கு அரைத்தொழில்முறையில் ஆடுபவருக்கு முகவர் தேவையில்லை. ஒரே தடவை கட்டணத்துக்கு ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லும் வழக்கறிஞர் போதும். தகராறு வந்தால் மலேசியத் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் இருக்கிறது. இரண்டு கிளப் ஒரே நேரத்தில் கேட்கும்போதும், இரவல் பேரம் நடக்கும்போதும், வெளிநாட்டுக் கிளப் அழைக்கும்போதும் நல்ல முகவர் தன் கூலியைத் தாண்டிச் சம்பாதித்துத் தருவார்.

கையெழுத்துக்குப் பிந்திய மாதங்கள்தான் இந்தச் சேவையின் மோசமான பகுதி. ஒப்பந்தம் முடிய 6 மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு கையெழுத்திட ஆட்டக்காரருக்கு உரிமை வந்துவிடுகிறது. முகவரின் அழைப்போ பெரும்பாலும் பதிவுக் காலம் முடியும் கடைசி வாரத்தில்தான் வரும், அப்போது மிஞ்சியிருப்பது யாரும் எடுக்காத இடங்கள். முதல் சந்திப்பிலேயே அந்த 6 மாதத் தேதியை நாள்காட்டியில் குறித்துக் காட்டச் சொல்லுங்கள்.