கொழும்பு ஈரத்துக்கு எந்த டரன்டுலா?

டரன்டுலா என்ற பெரிய மயிர்ச்சிலந்தியை வளர்ப்பது பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர் சொன்னவை. சூடேற்றும் விரிப்பு வாங்குங்கள், ஈரப்பதமானி வையுங்கள், அடிக்கடி தண்ணீர் தெளியுங்கள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொழும்பில் இதெல்லாம் வீண் செலவு. வருடம் முழுக்க சராசரி 27, 28 பாகை செல்சியஸ். காற்றின் ஈரப்பதமும் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேலேதான். சிலந்திக்கு வேண்டிய சூடும் ஈரமும் இங்கே சும்மா கிடைக்கின்றன, நாம் மெனக்கெட்டுச் செய்துகொடுக்க வேண்டியது காற்றோட்டம். இனம், பெட்டி, மண் எதை ஒப்பிட்டாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கேர்ளி ஹெயாரா, சிலி ரோஸா?

முதல் சிலந்தி வாங்குகிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு பெயர்கள் இவை. இரண்டும் தரையில் வாழ்பவை, மெதுவாக நடப்பவை, கடிக்க அவசரப்படாதவை. கால்களை விரித்தால் ஏறக்குறைய உள்ளங்கை அளவு வரும். இரண்டும் அமெரிக்கக் கண்டத்து இனங்கள் என்பதால், கோபம் வந்தால் பின்னங்காலால் வயிற்று முடியை உதிர்த்துவிடும். அது தோலில் பட்டால் அரிப்பு, கண்ணில் பட்டால் வைத்தியரிடம் போக வேண்டிய விஷயம்.

வித்தியாசம் பிறந்த ஊரில் இருக்கிறது. சிலி ரோஸ், சிலியின் காய்ந்த புதர்க்காட்டைச் சேர்ந்தது. ஈர மண்ணை அதற்குப் பிடிக்காது. மண் நனைந்திருந்தால் கீழே இறங்காமல் பெட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டோ தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் ஏறியோ நிற்கும். ஒக்டோபர், நவம்பர் மழையில் கொழும்பில் அலுமாரிக்குள் இருக்கும் சப்பாத்தே பூஞ்சணம் பிடிக்கிறது. அந்தச் சிலந்தியின் பெட்டியை எப்படிக் காய வைப்பது? ஏசி அறையில் வைக்கலாம். ஆனால் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த ஊர் இது. ஒரு பிராணியின் நலத்தை மின்சார சபையை நம்பி ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

கேர்ளி ஹெயார் ஹொண்டுராஸ், நிக்கராகுவா, கொஸ்தாரிக்கா பக்கத்து ஈரமான வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது. வெள்ளவத்தையில் அறைக் கதவைத் திறந்து வைத்தால் கிட்டத்தட்ட அதன் ஊர்க் காற்றுத்தான். மண் கொஞ்சம் நனைந்தாலும் கவலையில்லை, காய்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். நன்றாகத் தின்னும். சிலி ரோஸோ மாதக்கணக்கில் சாப்பாட்டைத் தொடாமல் இருந்து புதிதாக வளர்ப்பவரைப் பதற வைக்கும். அழகில் சிலி ரோஸின் செம்பு மினுக்கம் ஒரு படி மேல் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் கொழும்புக்கு என் தெரிவு கேர்ளி ஹெயார்தான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஒரு சங்கடம் உண்டு. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் கேர்ளி ஹெயார் இருக்கிறது. எல்லை தாண்டி வர அதற்கான தாள் வேண்டும், இலங்கையின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். விற்பவர் "அதெல்லாம் பிரச்சினையில்லை" என்று சொன்னால் பிரச்சினை இருக்கிறது என்று அர்த்தம். 2021 ஜூலையில் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த ஒரு தபால் பொதியைச் சுங்கத்தினர் பிரித்தபோது, சின்னச் சின்னக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. அப்படி வரும் ஒன்றை வாங்குவதைவிட வாங்காமலே இருக்கலாம்.

மரத்தில் வாழும் பிங்க் டோ

கால் நுனி இளஞ்சிவப்பாக, பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும். தென்னமெரிக்காவின் வடக்கைச் சேர்ந்தது. ஈரக்காட்டுப் பிராணிதானே, கொழும்புக்குப் பொருந்தும் என்று தோன்றும். பொருந்தும்தான், ஆனால் மூடிய பெட்டியில் அல்ல. மர உச்சியில் காற்று அசைந்துகொண்டே இருக்கும். பிளாஸ்டிக் போத்தலுக்குள் தேங்கிய ஈரக் காற்று அதன் குஞ்சுகளைக் கொன்றுவிடும். எதிரெதிர்ச் சுவர்களில் துளை போட்டு, மண்ணை நனைக்காமல், ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் விட்டால் நன்றாக வளரும். முடியை உதறி எறியும் பழக்கம் இதற்குக் கிடையாது. அதற்குப் பதில் பாயும், எச்சத்தைக் குறிபார்த்துப் பீச்சும். இரண்டாவது சிலந்தியாக இருக்கட்டும்.

நம்மூர் மரச்சிலந்தி?

"இங்கேயே இவ்வளவு அழகான டரன்டுலா இருக்கும்போது ஏன் வெளிநாட்டு இனம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பீசிலோதீரியா என்ற பேரினம் உலகத்திலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கிறது. உடம்பெல்லாம் சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோலம் போட்டதுபோல் இருக்கும், முன்னங்காலைத் தூக்கினால் அடியில் மஞ்சள் தெரியும். மரப் பொந்துகளில் இருக்கும், சில நேரம் பழைய வீடுகளுக்குள்ளும் வரும். காலநிலையில் இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை.

ஆனாலும் என் பதில் வேண்டாம் என்பதுதான். சட்டம் முதல் காரணம். தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 2009 திருத்தத்தின்படி இவற்றை வியாபாரத்துக்குப் பிடிப்பதும் ஏற்றுமதி செய்வதும் தடை. 2018-இல் அமெரிக்கா இலங்கையின் 5 பீசிலோதீரியா இனங்களைத் தன் அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தது. 2019-இல் பேரினம் முழுவதும் சைட்டிஸ் இரண்டாம் பின்னிணைப்புக்குள் வந்தது. காடு துண்டு துண்டாகி முதிர்ந்த மரங்கள் போய்க்கொண்டிருக்கும்போது, பொந்திலிருந்து ஒரு பெண் சிலந்தியை எடுப்பது அந்த இடத்தின் பல வருடக் குஞ்சுகளை எடுப்பதற்குச் சமம்.

அப்புறம் கடி. ஆசிய இனங்களுக்கு உதிர்க்கும் முடி இல்லை, அதனால் வேகமும் விஷமும்தான் பாதுகாப்பு. பீசிலோதீரியா கடித்து யாரும் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. ஆனால் கடுமையான வலியும், நாட்கணக்கில் விட்டுவிட்டு வரும் தசைப்பிடிப்பும் பலருக்கு வந்திருக்கின்றன. வீட்டுக்குள் ஒன்று வந்துவிட்டால் செருப்பைத் தூக்காதீர்கள். வாயகன்ற போத்தலால் மூடி, அடியில் தடித்த மட்டையைச் செருகி, வெளியே மரத்தடியில் விட்டால் போதும்.

பெட்டியும் மண்ணும்

கண்ணாடித் தொட்டி பார்க்க அழகு, மூடியில் மட்டும் காற்றுப் போகும். புறக்கோட்டையில் கிடைக்கும் தெளிந்த பிளாஸ்டிக் பெட்டியில் சூடாக்கிய கம்பியால் பக்கவாட்டில் துளைகள் போட்டால் கொழும்புக்கு அதுவே மேல், விலையும் குறைவு. நுளம்பு வலையை மூடியாக ஒட்டும் யோசனை வேண்டாம். கால் நகம் வலையில் சிக்கினால் சிலந்தி தொங்கிப் போராடும், காலையே இழக்கவும் கூடும். தரைச் சிலந்திக்கு உயரமான பெட்டியும் ஆபத்து, விழுந்தால் வயிறு வெடித்துவிடும். மண்ணிலிருந்து மூடிவரை அதன் கால் விரிப்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி வேண்டாம்.

வெளிநாட்டில் பொதி பொதியாகக் காசு கொடுத்து வாங்கும் தேங்காய்த் தும்புத்தூள் நம் நாட்டு ஏற்றுமதிப் பொருள். மலிவு என்பதற்காக அதையே முழுக்கப் போடாதீர்கள். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு இங்கே சீக்கிரம் பூஞ்சணம் கட்டும், வளை தோண்டினாலும் இடிந்துவிடும். உரமோ பூச்சிமருந்தோ படாத மண்ணைப் பாதிக்குப் பாதி கலந்து, நன்றாக அமுக்கிப் போடுங்கள்.

அலுமாரி கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கும் பழைய சமையலறைப் பழக்கம் இங்கேயும் வேண்டும். தோல் உரிக்கும் சிலந்தியை எறும்புக் கூட்டம் கண்டுபிடித்தால் முடிந்தது கதை.

தீனி

சில்வண்டைச் சிலந்தி ஆசையாகத் தின்னும். ஆனால் அது இரவெல்லாம் கத்தும், நாறும், பொசுக்கென்று செத்தும் போகும். பறவைத் தீனிக்கு விற்கும் மாப்புழு சத்தமில்லாதது, குளிர்சாதனப் பெட்டியில் நாள்கணக்கில் இருக்கும். அதன் குறை, மண்ணுக்குள் புதைந்துவிடும். தலையை நசுக்கிப் போட வேண்டும். சமையலறைக் கரப்பான் இலவசம் என்று ஆசைப்படாதீர்கள். பக்கத்து வீட்டில் அடித்த மருந்து அதன் உடம்பில் இருக்கலாம். நான் மாப்புழுவின் பக்கம். எதுவானாலும் மறுநாள் மிஞ்சியிருப்பதை எடுத்துவிடுங்கள். மல்லாந்து கிடந்து தோல் உரிக்கும் சிலந்தியைச் சில்வண்டே கடித்துக் குதறிவிடும். உரித்த பிறகும் பற்கள் இறுகும்வரை, பெரியவற்றுக்கு ஒன்றிரண்டு கிழமை, தீனி வேண்டாம்.

குஞ்சா, வளர்ந்ததா?

குஞ்சு மலிவு, வளர்வதைப் பார்ப்பதும் சுவாரசியம். கொழும்புச் சூட்டில் சீக்கிரமும் வளரும். ஆனால் ஆணா பெண்ணா என்று தெரியாது. பெண் 15, 20 வருடம் இருக்கும். ஆண் முதிர்ந்த பிறகு ஒன்றிரண்டு வருடம்கூடத் தாண்டுவது அரிது. வாடகை வீட்டில் இருப்பவர் அந்த 20 வருடத்தையும் யோசிக்க வேண்டும். வீட்டுக்கார அன்ரி "தம்பி, உது வெளியால வந்தா நான் என்ன செய்யிறது?" என்று கேட்டால் பதிலும் வைத்திருக்க வேண்டும். பொறுமை இருந்தால் குஞ்சு வாங்குங்கள், பெண்தான் வேண்டுமென்றால் கூடுதல் காசு கொடுத்து வளர்ந்ததை வாங்குங்கள். விற்பவரிடம் கடைசியாக உரித்த தோலைக் கேளுங்கள். அதை நனைத்து விரித்து, வயிற்றுப் பக்கத்தின் உள்ளே, ஆணின் விந்தைப் பெண் சேமித்து வைக்கும் பை இருக்கிறதா என்று பார்த்தால் பெண் என்பது உறுதியாகிவிடும். தோலைத் தர மறுத்தால் குஞ்சின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.