ஆரத்தித் தண்ணீரா, டானிக் வாட்டரா?

தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் டியூஷன் பிள்ளைகளுக்கு அமிலமும் காரமும் ஒளியோடு எப்படி விளையாடும் என்று காட்ட, இரண்டையும் செய்து பார்த்தேன்.

மஞ்சளில் தொடங்குங்கள். ஆரத்திக்குக் கரைக்கிற அதே கலவைதான். மஞ்சள் தண்ணீரில் பட்டாணி அளவு சுண்ணாம்பு போட்டு விரலால் கலக்கும்போதே சிவந்துவிடும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் காரத்தில் புரோட்டானை இழக்க, அதன் எலக்ட்ரான்கள் இன்னும் தாராளமாகப் பரவுகின்றன. முன்பு 425 நானோமீட்டர் பக்கம் இருந்த நீல ஒளியை விழுங்கியது, இப்போது இன்னும் நீண்ட அலைநீளத்தை விழுங்கும். எலுமிச்சை பிழிந்தால் மஞ்சள் திரும்பும்.

டானிக் வாட்டர் என்பது பாட்டிலில் விற்கும் கசப்பு சோடா. அதற்கு இருட்டு வேண்டும், கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சும் வேண்டும். அடித்ததும் பாட்டில் முழுக்க நீலம்! உள்ளே இருப்பது மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னா (குயினைன்). 1852-இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் ஒளிர்தலை ஆராய்ந்ததும் இதை வைத்துத்தான். 350 நானோமீட்டர் அருகே ஒளியை வாங்கி, 450 அருகே விடுகிறது. பானத்திலுள்ள சிட்ரிக் அமிலம் ஏற்றிய புரோட்டான்தான் அந்த நீலத்துக்குக் காரணம். காரமான சலவை சோடா போட்டால் அந்தப் புரோட்டான் போய், நீலம் மங்கிவிடும். உப்பு போட்டாலும் மங்கும், ஆனால் அது குளோரைடு மோதி ஆற்றலைப் பறிப்பதால். இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எட்டாம் வகுப்புக்கு என் ஓட்டு மஞ்சளுக்கே. பகல் வெளிச்சம் போதும், சாமான் அடுப்படியிலேயே இருக்கிறது. பிளஸ் டூ என்றால் கொய்னா. அப்புறம், டார்ச்சை யார் கண்ணிலும் அடிக்க விடாதீர்கள்.