வுட்டின் பனிவயலும் பென்டனின் கோதுமை வயலும்

தம் மண்ணின் நாட்டுப்புற வாழ்வை வரைந்த, 1930களின் அமெரிக்க வட்டாரவாத ஓவியர்கள் கிராண்ட் வுட், தாமஸ் ஹார்ட் பென்டன் இருவரின் கல்லச்சுப் படங்கள் (கல்லில் வரைந்து தாளில் அச்சிடுபவை) பலவும் 250 பிரதிகளாக அச்சிடப்பட்டு, ஒன்று 5 டாலருக்குச் சாதாரணக் குடும்பங்களைச் சென்றடைந்தன. வுட்டின் ‘ஜனவரி’ (1937) படத்தில் ஆள் அரவமே இல்லை. பனி போர்த்திய மக்காச்சோளத் தட்டைப் போர்கள் வரிசை வரிசையாகத் தொலைவு வரை நீள, முன்னே ஒரு முயலின் காலடித் தடம் மட்டும் போரின் அடிப்பொந்துக்குள் சென்று மறைகிறது. 1939இல் பென்டன் வரைந்த கோதுமை அறுவடையிலோ, நீண்ட அரிவாளை வீசும் ஆட்களின் முதுகும் பின்னாலுள்ள குன்றுகளும் ஒரே வளைவில் அசைகின்றன. உழைப்பின் வேகத்தை உணர்த்துவதில் பென்டனுக்கு நிகரில்லை. ஆயினும், நாள்தோறும் பார்க்கும் சுவருக்கு நான் வுட்டையே தேர்வேன்; கருமையை மணிமணியாகச் சேர்த்து, பனியின் பளிச்சென்ற இடங்களை மை படாத வெறுந்தாளாகவே விட்டுவைத்த அந்தப் பொறுமை என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது.