ஃப்ரீ ஃபயர் பிள்ளையை முரடனாக்குமா? இரண்டு ஆய்வுகள்

மட்டக்களப்பில் ரியூஷன் முடிந்தால் பெடியன்கள் கையில் ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கிச் சண்டை போன் கேம்தான்; தாய்மாருக்குப் பயம்.

"ஆக்கும்" என்பவர்கள் காட்டுவது உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுராவின் 1963 சோதனை. பெரியவர் பொம்மையை அடிக்கும் படத்தைப் பார்த்த சிறுவர்கள் அதே மாதிரி அடித்தார்கள். சரி, ஆனால் அது அடி வாங்கவென்றே செய்த பொம்மை. பக்கத்துப் பிள்ளையை அடிப்பார்களா என்பது வேறு கேள்வி.

"ஆக்காது" என்ற பக்கத்தில் 2019 ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வு. 14, 15 வயதுப் பிரித்தானியப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேர். முரட்டுத்தனத்தைப் பற்றிச் சொன்னது பெற்றோர். கேமில் எவ்வளவு வன்முறை என்பதை, எந்த வயதுக்கு ஏற்றது என்று சொல்லும் அதிகாரபூர்வ வயதுத் தரத்தை வைத்து அளந்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு காணப்படவில்லை. எனக்கு இதுதான் கனமாகப் படுகிறது. முரட்டுத்தனத்துக்குக் கேம்தான் காரணம் என்று சொல்ல முடியாது; கேம் வரும் முன்பே போரை நேரில் கண்ட ஊர் இது. போனைப் பறிக்குமுன் வீட்டில் அடி விழுகிறதா என்று பார்க்கவேண்டும்.