ஆம்னியின் பின்பக்கம் தொங்கினால்: கேஸ் ஷாக் அப்சார்பரா, கூடுதல் பட்டையா?

1984-இல் மாருதி வேனாக வந்து, பிறகு ஆம்னியாகி, 2019-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி அது. வயதான ஆம்னிகளுக்கெல்லாம் ஒரே வியாதி: பின்னால் நான்கு பேர் ஏறினால் வால் தாழ்ந்துவிடும், வேகத்தடையில் அடி தட்டும். இதற்குக் கடைக்காரர் முதலில் நீட்டுவது வாயு நிரப்பிய கேஸ் ஷாக் அப்சார்பர். நானும் வாங்கினேன். மாட்டி முடித்து எட்ட நின்று பார்த்தால், வால் விரல் கனம்கூட உயரவில்லை.

குறை பொருளில் இல்லை. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது குதிக்காமல் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். மேட்டில் ஏறி இறங்கியபின் வண்டி இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடியது, அது நின்றுவிட்டது. அந்த வகையில் கொடுத்த காசுக்குக் குறைவில்லை.

வால் உயர வேண்டுமென்றால், பின்பக்க ஸ்பிரிங்காக அடுக்கியிருக்கும் எஃகுப் பட்டைகளோடு கூடுதல் பட்டை ஒன்றைச் சேர்ப்பதுதான் வழி. சுமை ஏற்றினாலும் வண்டி நேராக நிற்கும். ஆனால் தனியாக ஓட்டிப் போகும் நாளில் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் எண்ணிக்கை போடும். தினமும் காய்கறி மூட்டை ஏற்றுபவருக்கு இது சரி. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவருக்கு வீண் தண்டனை.

வீட்டு வாசலில் செய்யக்கூடியது எது என்று பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. பின்பக்க ஷாக் அப்சார்பரை ஸ்பானரும் ஜாக்கும் இருந்தால் ஒரு காலைப்பொழுதில் மாற்றிவிடலாம். துருப்பிடித்த நட்டுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டுவையுங்கள்; நான் விடாமல் ஒரு போல்ட்டை முறித்தேன். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காமல் ஸ்டாண்டு வையுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ரப்பர் புஷ் (உலோகம் உரசாமல் நடுவில் வைக்கும் ரப்பர் வளையம்) உள்ள போல்ட்டை, சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் எடை இறங்கிய பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். அவசரக்காரர்கள் பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பட்டை சேர்ப்பது அப்படியல்ல. பட்டைக் கட்டின் நடு போல்ட்டைக் கழற்றினால் பட்டைகள் விரிந்துகொள்ளும். கனம் கூடுவதால் நீளமான நடு போல்ட்டும், கட்டை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டும் வேண்டும்; வளைவும் பொருந்த வேண்டும். பட்டறைக்கே விட்டுவிடுங்கள். சில நாள் ஓட்டியபின் யூ போல்ட் நட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள்.

முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்குக்குள் செருகும் ரப்பர் பஃபரும் கடையில் தொங்குகிறது. விலை குறைவு, மாட்டுவதும் எளிது. வால் தாழ்வதற்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஏற்கெனவே முரடான முன்பக்கம் இன்னும் முரடாகும். முன் ஸ்டிரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) பிரிக்கும் எண்ணம் இருந்தால், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டில் கைவைக்காதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே சாய்த்துவிடும். வேலை முடிந்ததும் சக்கர அலைன்மெண்டும் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் வாங்கும் முன் பின்பட்டையின் முனையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ்களை ஒரு முறை பாருங்கள். என் வண்டியில் மேட்டில் ஏறும்போதெல்லாம் வந்த கீச்சுச் சத்தத்துக்கு ஷாக் அப்சார்பரைத்தான் வைதுகொண்டிருந்தேன். புஷ்ஷைக் கழற்றியபோது ரப்பர் கருப்புத் தூளாகக் கையில் உதிர்ந்தது.