கடல்நீரா, கூலன்ட்டா? பராமரிப்புக் கண்ணோட்டத்தில் யமஹா, கவாசாகி, சீ-டூ ஜெட் ஸ்கிகள்

ஜெட் ஸ்கி வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது குதிரைத்திறன், அடுத்தது வேகம். வண்டி கைக்கு வந்த பிறகு நேரத்தையும் பணத்தையும் தீர்மானிப்பவை வேறு மூன்று: இன்ஜினை எந்தத் தண்ணீர் குளிர்விக்கிறது, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சி வண்டியைத் தள்ளும் ஜெட் பம்ப்பின் உள்சுவர் எதனால் ஆனது, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் உண்டா இல்லையா. மூன்றிலும் பெரிய கம்பெனிகள் ஆளுக்கொரு வழியில் போயிருக்கின்றன. எந்த வழியும் தவறில்லை. ஆனால் ஒவ்வொன்றும் கேட்கும் பராமரிப்பு வேறு, கெட்டுப்போகும் விதமும் வேறு.

குளிரூட்டும் முறை

யமஹா வேவ்ரன்னர், கவாசாகி இரண்டிலும் திறந்த சுற்று. ஜெட் பம்ப் உறிஞ்சும் தண்ணீரில் ஒரு பகுதி இன்ஜின் பிளாக், சிலிண்டர் ஹெட், எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு வெளியே போகிறது. கடலில் ஓட்டினால் உப்புத் தண்ணீர் இன்ஜினின் உடம்புக்குள்ளேயே ஓடுகிறது என்று அர்த்தம்.

சீ-டூவில் 2002-இல் வந்த ரோடக்ஸ் 4-டெக் இன்ஜின்களிலிருந்து மூடிய சுற்று. பிளாக்கில் ஓடுவது கூலன்ட். அது வண்டியின் அடிப்பாகத்தில், பின்பக்கம் தண்ணீரைத் தொட்டபடி இருக்கும் ரைடு பிளேட் வழியாகச் சூட்டை இறக்கிவிட்டுத் திரும்புகிறது. அந்தத் தகடுதான் ரேடியேட்டர். அதனால் சீ-டூவில் உப்பே உள்ளே போகாது என்று சிலர் நினைத்துக்கொண்டு, கழுவாமலே வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். இந்த நினைப்பால் கெட்ட எக்ஸாஸ்ட்கள் நிறைய. சீ-டூவிலும் எக்ஸாஸ்டைக் குளிர்விப்பது வெளித் தண்ணீர்தான். சூப்பர்சார்ஜ் மாடல்களில், திணிக்கும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அதே தண்ணீர்தான். கூலன்ட் காப்பாற்றுவது பிளாக்கையும் ஹெட்டையும் மட்டும்.

ஆகவே கடலில் ஓட்டினால் இரண்டையும் அன்றே கழுவ வேண்டும். உப்பு காய்ந்து படிகமான பிறகு வெறும் தண்ணீர் அதை எளிதில் கரைக்காது. திறந்த சுற்றில் ஒரு நாள் விட்டாலும் பாதிப்பு பிளாக்கின் குறுகிய வழிகளில் தொடங்குகிறது. மூடிய சுற்றில் எக்ஸாஸ்டோடு நிற்கிறது. பிளாக்கை மாற்றுவதோடு ஒப்பிட்டால் எக்ஸாஸ்ட் பாகத்தை மாற்றுவது சின்ன வேலை. மூடிய சுற்றின் உண்மையான லாபம் இதுதான்.

கழுவும் வரிசை இரண்டிலும் ஒன்றே. இதைத் தலைகீழாகச் செய்தால் இன்ஜின் போய்விடும்.

1. ஹோஸை அதற்கான இணைப்பில் பொருத்துங்கள். குழாயைத் திறக்காதீர்கள்.
2. இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள்.
3. உடனே குழாயைத் திறங்கள். யமஹா தண்ணீர் இல்லாமல் ஓட அனுமதிக்கும் நேரம் 15 விநாடிதான்.
4. ஐடிலில் ஓடட்டும். யமஹாவுக்குச் சுமார் மூன்று நிமிடம். சீ-டூவில் இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.
5. முதலில் குழாயை மூடுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே த்ராட்டிலைச் சில விநாடி விட்டுவிட்டு அழுத்தி, எக்ஸாஸ்டில் நிற்கும் தண்ணீரை வெளியே தள்ளுங்கள். பிறகு இன்ஜினை நிறுத்துங்கள்.

இன்ஜின் ஓடாதபோது குழாய் திறந்திருந்தால், தண்ணீரை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் காற்று இருக்காது. சைலன்சர் பெட்டி நிரம்பி, தண்ணீர் எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீர் அமுங்காது. அந்த நிலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சந்தேகம் வந்தால் ஸ்டார்ட்டரைத் தொடாமல் எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் வேலை செய்யாதபடி வைத்துவிட்டு, இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். சீ-டூவில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது: த்ராட்டிலை முழுக்க அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் பெட்ரோலும் ஸ்பார்க்கும் நின்று, இன்ஜின் வெறுமனே சுற்றும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்போலத் தெரிந்தால் ஒரு முறை மாற்றுவது போதாது. நிறம் தெளியும்வரை மாற்றி ஓட்டி, மாற்றி ஓட்ட வேண்டும். அதையும் அன்றே செய்யுங்கள், பேரிங்குகள் துருவுக்கு அதிகம் காத்திருக்காது.

சீ-டூவுக்கு ஏன் நேரம் குறைவு? ஹோஸ் தண்ணீர் பிளாக்கைத் தொடுவதே இல்லை. ரைடு பிளேட் காற்றில் நிற்பதால் கூலன்ட்டின் சூடு இறங்க இடமில்லை. டிரைவ் ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் கார்பன் சீலும் தண்ணீரில்லாமல் உரசிக்கொண்டிருக்கும். ஹோஸ்தான் போட்டிருக்கிறதே என்று பத்து நிமிடம் ஓடவிட்டு அந்த சீலைக் கருக்குவது அடிக்கடி நடக்கிறது.

ஓவர்ஹீட் அலாரம் அடித்தால்

திறந்த சுற்றில் தேடுவது சுலபம். ஓடும்போது யமஹாவின் பக்கவாட்டில் சிறிய துளையிலிருந்து தண்ணீர் பீச்சும். அது சீராக வந்தால் தண்ணீர் சுற்றுகிறது. மெலிந்தாலோ நின்றாலோ, இன்ஜினை நிறுத்தி, லேன்யார்டை (ஓட்டுபவர் உடலோடு கட்டும், கழன்றால் இன்ஜினை நிறுத்தும் கயிறு) கழற்றிவிட்டு, அடியில் பம்ப்புக்குத் தண்ணீர் நுழையும் கம்பித் தடுப்பான இன்டேக் கிரேட்டைப் பாருங்கள். பிளாஸ்டிக் பை, கயிறு, பாசி: பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும். அங்கே சுத்தமாக இருந்தால், பம்ப்பில் குளிரூட்டும் தண்ணீர் எடுக்கும் இடத்திலுள்ள வடிகட்டியில் மணல் அடைத்திருக்கலாம். தண்ணீரைத் தள்ளுவது ஜெட் பம்ப்பின் அழுத்தமே என்பதால், பம்ப்புக்குள் சுழலும் பிளேடுகளான இம்பெல்லர் தேய்ந்தாலும் குளிரூட்டல் குறையும்.

மூடிய சுற்றில் வெளியே பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. இன்ஜின் ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். அளவு குறைந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரைடு பிளேட். பாறையில் உரசினாலோ, கரையில் இழுத்தேற்றினாலோ அதில் விரிசல் விழும். வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் பக்கம் போங்கள். அளவு சரியாக இருந்தும் அலாரம் அடிக்கிறதா? எக்ஸாஸ்டுக்குப் போகும் தண்ணீர் வழி அடைத்திருக்கக்கூடும். அந்தச் சூட்டுக்குத் தனி சென்சார் உண்டு. எது அலாரம் அடித்தது என்பதை ஃபால்ட் கோடு சொல்லும்.

கூலன்ட்டைத் தண்ணீர் ஊற்றி ஒப்பேற்றாதீர்கள். அலுமினிய இன்ஜினுக்கான எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி போதும். உறைபனி விழும் இடங்களில் ஒரு வித்தியாசம் உண்டு: திறந்த சுற்றில் பிளாக்கில் தங்கிய தண்ணீர் முழுவதும் வடிய வேண்டும், இல்லையென்றால் உறைந்து விரிந்து பிளாக்கைப் பிளந்துவிடும். மூடிய சுற்றில் அந்தப் பயம் பிளாக்குக்கு இல்லை, எக்ஸாஸ்டுக்கும் இன்டர்கூலருக்கும் உண்டு.

பம்ப்பின் உள்சுவர்

பெரும்பாலான சீ-டூ மாடல்களில் இம்பெல்லரைச் சுற்றி மாற்றக்கூடிய பிளாஸ்டிக் வேர் ரிங் இருக்கும். யமஹாவிலும் கவாசாகியிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உள்சுவர். இரண்டிலும் இம்பெல்லர் நுனிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளிதான் உயிர். புதிதில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். சீ-டூவில் அது ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால் ரிங்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஸ்டீல் சுவர் வண்டிகளில் எல்லை இன்னும் குறைவு. லேன்யார்டைக் கழற்றி, பேட்டரியின் இணைப்பையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிளேடின் நுனியிலும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்து அளக்க வேண்டும். ஒரு பிளேடை மட்டும் அளந்து முடிவுக்கு வந்தால் ஏமாறுவோம், தேய்மானம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்காது.

கல் உள்ளே போனால் பிளாஸ்டிக் ரிங் கிழிபடும், இம்பெல்லர் பெரும்பாலும் தப்பிக்கும். ரிங் மலிவு, அதை மாற்றுவது ஒரு மதிய வேலை. பம்ப்பைக் கழற்றி, பழைய ரிங்கை ஹாக்ஸா பிளேடால் உள்பக்கமாக இரண்டு இடத்தில் அறுத்து (பம்ப்பின் உலோகத்தைக் கீறாமல்) எடுத்துவிட்டு, புதியதை நேராக, சீராக அழுத்தி இறக்க வேண்டும். சாய்ந்து இறங்கினால் இம்பெல்லர் ஒரு பக்கம் உரசும். ஸ்டீல் சுவரில் கல் போனால் அடி வாங்குவது இம்பெல்லரின் விளிம்பு. சின்னப் பள்ளமானால் அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம், விளிம்பு மடிந்திருந்தால் கழற்றி ரிப்பேர் பார்க்க வேண்டும். மறுபக்கம், மணல் நிறைந்த ஆழமற்ற தண்ணீரில் ஸ்டீல் சுவர் பல மடங்கு காலம் நிற்கிறது. வாடகைக்கு விடும் கடற்கரை வண்டிக்கு ஸ்டீல் சுவர்தான் சரி என்பது என் உறுதியான கருத்து.

எதுவானாலும் ஆழத்தைக் கவனியுங்கள். யமஹா குறைந்தது 60 செ.மீ. தண்ணீர் கேட்கிறது, சீ-டூ 90 செ.மீ. கேட்கிறது. கரையிலிருந்து கிளம்பும்போது அந்த ஆழம்வரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்தால் பம்ப்பின் ஆயுள் கண்கூடாகக் கூடும்.

ஷாஃப்ட் சீல்

சீ-டூவில் சுழலாத கார்பன் வளையம் ஒன்று ரப்பர் பெல்லோவின் அழுத்தத்தில், ஷாஃப்ட்டோடு சுழலும் ஸ்டீல் வளையத்தோடு ஒட்டி நின்று தண்ணீரைத் தடுக்கிறது. கிரீஸ் வேலை கிடையாது. தேயும்போது சுற்றிலும் கருப்புத் தூள் படியும். வண்டியின் உள் அடிப்பகுதியான பில்ஜில் தண்ணீர் சேரும், காற்றும் பம்ப்புக்குள் உறிஞ்சப்படும். யமஹாவில் பேரிங் ஹவுசிங், அதற்கு கிரீஸ் நிப்பிள். முதல் சர்வீஸிலும் பிறகு 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறையும் மரைன் கிரீஸ் அடிக்க வேண்டும். மறந்தால் ஊளையிடும் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு கிரீஸ் அடித்துப் பயனில்லை, பேரிங்கை மாற்றியாக வேண்டும்.

சூப்பர்சார்ஜர்

இல்லாத வண்டி எப்போதும் குறைந்த செலவு. வேண்டும் என்பவர்களுக்கு: கவாசாகி அல்ட்ரா 300 வரிசையிலிருந்து ஈட்டன் கம்பெனியின் டிவிஎஸ் வகை சூப்பர்சார்ஜர், பெல்ட்டில் ஓடுகிறது, பெல்ட்டைச் சோதித்து மாற்றினால் பெரும்பாலும் போதும். சீ-டூவின் பழைய மாடல்களில் ஸ்லிப் கிளட்ச் உண்டு, அதை 100 அல்லது 200 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். ஆரம்பகாலத்தவற்றில் செராமிக் வாஷர் இருந்தது. அது உடைந்து துகள்கள் ஆயிலில் கலந்தால் ஆயில் வடிகட்டிகள் எல்லாவற்றையும் சுத்தம் செய்யாமல் இன்ஜினை ஓட்டக் கூடாது. சீ-டூவின் 300 குதிரைத்திறன் 1630 ஏஸ் இன்ஜினில் இந்தக் காலமுறைப் புதுப்பிப்பு தேவையில்லை. கிளட்ச் உள்ள சீ-டூவில் உராய்வு குறைக்கும் சேர்மானம் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், ஆகவே கம்பெனி சொல்லும் ஆயிலையே வாங்குங்கள்.

வேகம் குறைந்தால் பம்ப்பா, சூப்பர்சார்ஜரா என்பதை டேக்கோமீட்டரே பிரித்துக் காட்டும். ஆர்பிஎம் தாறுமாறாக ஏறியும் வண்டி போகவில்லை என்றால் பம்ப்பில் கேவிட்டேஷன், அதாவது தண்ணீரில் குமிழ்கள் சேர்ந்து பிடிப்பு போவது: ரிங், இம்பெல்லர், கார்பன் சீல் என்ற வரிசையில் பாருங்கள். ஆர்பிஎம்மே முழு அளவுக்கு ஏறாமல் வேகமும் குறைந்தால் பூஸ்ட் (சூப்பர்சார்ஜரின் காற்றழுத்தம்) வரவில்லை. அப்போது கிளட்சையோ பெல்ட்டையோ பாருங்கள், கூடவே ஸ்பார்க் பிளக்கையும் பெட்ரோல் அழுத்தத்தையும்.

ஆயில்

முதல் சர்வீஸ் யமஹாவுக்கு 10 மணி நேர ஓட்டத்தில், சீ-டூவுக்கு 50 மணி நேரத்தில். பிறகு இரண்டுக்கும் 100 மணி நேரம் அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அது. டிப்ஸ்டிக் குழாய் வழியாகப் பம்ப் வைத்து உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். சீ-டூவின் ரோடக்ஸ் இன்ஜின் டிரை சம்ப் (ஆயில் அடியில் தேங்காமல் தனித் தொட்டியில் இருக்கும் அமைப்பு) என்பதால், இன்ஜினைச் சூடாக்கி நிறுத்திய 30 விநாடி கழித்து, வண்டி மட்டமாக நிற்கும்போது அளவு பார்க்க வேண்டும். இரவு முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் அளவு தவறாகக் காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றினால் ஆயில் ஏர்பாக்ஸ் வழியாகக் கக்கும்.

எதை எடுப்பது

நன்னீர் ஏரியில் ஓட்டுகிறவருக்குக் குளிரூட்டும் முறை பெரிய பொருட்டில்லை. அங்கே பம்ப்பையும் சூப்பர்சார்ஜரையும் பார்த்து முடிவெடுக்கலாம். கடலில் ஓட்டி, அன்றே கழுவ முடியும் என்றால் சூப்பர்சார்ஜர் இல்லாத யமஹா அல்லது கவாசாகி: பாகங்கள் குறைவு, கோளாறு தேடுவது எளிது. கடல்தான், ஆனால் கழுவுவது சில நேரம் தாமதமாகும் என்றால் சீ-டூவின் மூடிய சுற்று பிளாக்கைக் காப்பாற்றும். பாறை நிறைந்த கரையென்றால் ரைடு பிளேட்டின் ஆபத்தையும் கணக்கில் சேருங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது இதே வேறுபாடுகளைச் சோதியுங்கள். திறந்த சுற்று வண்டியில் ஹெட்டுக்குப் போகும் குளிரூட்டும் ஹோஸ் ஒன்றைக் கழற்றி, இணைப்பின் உள்ளே வெள்ளைப் படிவும் அரிப்பும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சீ-டூவில் ரைடு பிளேட்டின் அடியில் கீறல்களையும் கூலன்ட்டின் நிறத்தையும் பாருங்கள். பழுப்பாகவோ கலங்கியோ இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். இரண்டிலும் த்ராட்டிலை முழுக்கத் திறந்து கம்ப்ரஷன் எடுங்கள். சிலிண்டர்களுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றடைத்து எங்கே கசிகிறது என்று பார்ப்பது) செய்து காரணம் தெரிந்த பிறகே விலை பேசுங்கள். சீ-டூவில் த்ராட்டிலை முழுக்க அழுத்தும்போது பெட்ரோல் தானாக நின்றுவிடுவதால் இந்தச் சோதனை இன்னும் எளிது.