மளிகைக்கடையில் அசாம் பெடாஸ் வகுப்பு: 48 வெள்ளிக்குத் தகுமா?

மளிகைக்கடைக்காரர் சமையல் வகுப்பு நடத்தினால் அது சாமான் விற்கும் வேலையாகத்தான் இருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். ஓரளவு சரிதான். வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு கூடையை நீட்டி, "இன்று மட்டும் பத்து விழுக்காடு தள்ளுபடி" என்றார்கள். ஆனாலும் அசாம் பெடாஸ் என்ற புளிப்பும் காரமுமான மலாய் மீன் குழம்பைக் கற்றுக்கொள்ள நான் கட்டிய 48 வெள்ளி வீணாகவில்லை.

எங்கள் பேட்டையின் ஈரச்சந்தைக்குப் பக்கத்தில், வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிறது கடை. பின்பக்கம் அரிசி மூட்டை அடுக்கியிருந்த இடத்தைக் காலி செய்து மேசைகளும் இன்டக்‌ஷன் அடுப்புகளும் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை காலை, இரண்டரை மணி நேரம், எட்டுப் பேர். சொல்லித் தருபவர் அறுபதைத் தாண்டிய மலாய் அம்மா. எல்லாரும் மாக்சிக், அதாவது ஆன்ட்டி, என்றே கூப்பிட்டோம். பேச்சு பாதி ஆங்கிலம், பாதி மலாய். சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு மலாய் தெரிந்தால் போதும்.

அடுப்புப் பக்கம் போகவே முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அலமாரிகளுக்கு நடுவேதான் நின்றோம். எனக்குப் பிடித்ததே அந்தப் பகுதிதான். செராய் (எலுமிச்சைப்புல்) வாங்கும்போது அடித்தண்டு கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், நுனி காய்ந்திருந்தால் பரவாயில்லையாம். லெங்குவாஸ் (பேரரத்தை) என்றால் முனை இளஞ்சிவப்பாக இருப்பதுதான் இளசு. புவா கெராஸ் என்ற கொட்டை ஒன்றை உடைத்து மோந்து பார்க்கச் சொன்னார். சிக்குவாடை அடித்தால் பழசு. அதைப் பச்சையாக வாயில் போட்டுவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார், வயிற்றைக் கலக்கிவிடும். பழுப்பு வில்லைகளாகக் காய்ந்து கிடக்கும் அசாம் கெப்பிங் நம் குடம்புளிக்குப் பங்காளி முறை. இத்தனை வருடம் தேக்காவில் சாமான் வாங்கியும் இதையெல்லாம் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அப்புறம் ரெம்பா, அதாவது அரைத்த மசாலா. ஊறவைத்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், வாட்டிய பிளாச்சான் (இறால் விழுது). மிக்சியில் தண்ணீர் ஊற்ற வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார் மாக்சிக். தண்ணீர் ஊற்றினால் ரெம்பா வதங்காது, வேகும். எண்ணெய் விட்டுத்தான் அரைக்க வேண்டும். சட்டியில் போட்டுக் கிளற ஆரம்பித்தோம். வாசனை தூக்கியதும் புளியைக் கரைத்து ஊற்றிவிடலாம் என்று நம் கை பரபரக்கும். அவர் ஒவ்வொரு சட்டியாக எட்டிப் பார்த்து "பெலும், பெலும்" என்று சொல்லிக்கொண்டே போனார். இன்னும் ஆகவில்லையாம். நிறம் கறுஞ்சிவப்புக்கு மாறி, ஓரத்தில் எண்ணெய் கசிந்து, கரண்டியை இழுத்த தடம் மூடாமல் நின்ற பிறகுதான் தலையாட்டினார். நம் தக்காளித் தொக்குக்கும் இதே கணக்குதான். புளிக்கரைசலும் அசாம் கெப்பிங்கும் சேர்ந்து கொதித்ததும் வெண்டைக்காய், டாவுன் கெசும் என்ற வாசனை இலை, கடைசியில் திருக்கைத் துண்டுகள். தேங்காய்ப்பாலும் கிடையாது, மல்லித்தூளும் கிடையாது. புளிப்பு மீன் குழம்பு மாதிரி தொடங்கி, கெசும் இலையின் வாசத்தில் வேறு எங்கோ போய்விடுகிறது. சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டால் இரண்டாவது கரண்டி நிச்சயம்.

குறை இல்லாமல் இல்லை. எட்டுப் பேருக்கு இரண்டே இடிகல். பெரும்பாலானோருக்கு மிக்சிதான் வாய்த்தது. இரண்டு அடுப்புகள் சேர்ந்து எரிந்தால் ஒன்று தானாக அணைந்துவிடுகிறது. காற்றோட்டம் மட்டம். பிளாச்சான் வாட்டிய நாற்றம் பேருந்தில் வீடுவரை என்னோடு வந்தது, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். செய்முறைத் தாளில் அளவெல்லாம் "கொஞ்சம்", "தேவைக்கேற்ப" என்றே இருக்கிறது. புதிதாகச் சமைப்பவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

சைவக்காரர்களுக்கு இந்த வகுப்பில் வழியே இல்லை, ரெம்பாவிலேயே பிளாச்சான் இருக்கிறது. அரசாங்கம் பயிற்சிக்குத் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையிலும் கழிக்க முடியாது. பேநவ் மின்பரிமாற்றத்தில் முன்பணம் முழுதும் கட்ட வேண்டும். வர முடியாவிட்டால் தேதி மாற்றித் தருவார்கள், பணம் திரும்பாது.

அடுத்த மாதம் லக்சா நூடல்ஸாம். பணம் கட்டும் முன், மாக்சிக்தான் நடத்துகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இல்லாத சனிக்கிழமைகளில் கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் நடத்துகிறாராம். அவர் பாக்கெட் ரெம்பாவைப் பிரித்துச் சட்டியில் கொட்டுகிறார் என்றார், முன்பே ஒருமுறை வந்திருந்த பக்கத்து மேசை அக்கா.